கெத்தின் ஸ்டேஷனை யார் வாசிப்பது?

1

நாளை மதியம் சேப்பலில், அதாவது எங்கள் ஊர்ச் சின்னத் தேவாலயத்தில், ஓர் ஊர்ப் பெயரை நான் உரக்க வாசிக்க வேண்டும். அல்லது வாசிக்காமல் தாண்டிப் போக வேண்டும். வாசிக்க மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாசிப்பேன் என்று இன்னொருவருக்கு. இருவரும் கணவன் மனைவி. இந்தக் கதை பிறந்தது இந்த இக்கட்டில்தான். மற்றவர்களுக்கு மழையைப் பார்த்தால் கதை வருமாம், ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் வருமாம். எனக்கு வாய்த்தது இதுதான்.

எழுதிப் பார்த்தால் வழி தெரியும் என்று உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'பென்சில்வேனியாவின் மலைச்சரிவில், கைவிடப்பட்ட சிலேட்டுக்கல் குவாரிகளில் நீலநீர் ததும்ப

வேண்டாம். அந்தக் குவாரிகளைத் தாண்டித்தான் இத்தனை வருஷம் பால் வாங்கப் போயிருக்கிறேன். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது கதைக்காகப் பார்ப்பது போல் நடித்தால் எனக்கே சிரிப்பு வரும்.

இரண்டாவது: 'வேல்ஸ் நாட்டிலிருந்து மூன்று சகோதரர்கள் கப்பலேறி

இதுவும் வேண்டாம். அமெரிக்காவில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் மூன்று சகோதரர்கள்தான் கப்பலேறியிருக்கிறார்கள். நான்காவதாகப் பிறந்தவர்கள் எல்லாம் ஊரிலேயே இருந்துவிட்டார்கள் போல.

2

சரி, நேராகவே சொல்கிறேன். என் பெயர் சுகந்தி கெத்தின். ரீஸ் கெத்தினைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். ஊரின் பெயரும் அதுதான், கெத்தின் ஹாலோ. தமிழ்க் காதுக்கு அதில் கொஞ்சம் கெத்து கேட்கும். நானும் அந்த மிதப்பில்தான் வந்தேன். வேல்ஸ் பாஷையில் கரிய நிறத்தவன், முகம் பார்க்கச் சகிக்காதவன் என்று அர்த்தமாம். இதை ரீஸ் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். யாரோ ஒரு முப்பாட்டனுக்கு அண்டை வீட்டார் வைத்த பட்டப்பெயர் கடல் தாண்டி வந்து ஏரிக்கும் சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயருக்கு நிறத்தில் நியாயம் செய்ய வந்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்திருந்தேன், அலபாமாக் கெத்தின்களைப் பார்க்கும்வரை.*

*அவர்களுடைய ஊர் கெத்தின் கிராஸிங். பெயர் கல்யாணத்தால் வந்ததல்ல, அவர்கள் முன்னோரை அடிமைகளாக விலைக்கு வாங்கி வைத்திருந்தவனிடமிருந்து வந்தது. முதல் தடவை அவர்கள் எங்கள் வருஷக் கூட்டத்துக்கு வந்து, எழுந்து நின்று தங்கள் ஊருக்குப் பதில் சொன்னபோது சபையில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். இப்போது டீ நேரத்தில் அவர்கள் கொண்டுவரும் கேக்தான் முதலில் தீர்கிறது. அது தனிக் கதை, அதை எழுத வேண்டியவள் நானல்ல.

3

செப்டம்பர் முதல் ஞாயிறு எல்லாக் கெத்தின்களும் இங்கே கூடுவார்கள். காலையில் பாட்டு, மதியம் பேர் கூப்பிடுவது, அதற்குப் பிறகு டீ.

பாட்டுக்குக் குடும்பம் குடும்பமாக உட்கார முடியாது. குரல்படிதான் இடம். பெண்களில் மேல்குரல் இடது பக்கம், கீழ்க்குரல் வலது பக்கம். ஆண்களும் அப்படியே, பின்னால். மனைவி ஒரு மூலை, கணவன் ஒரு மூலை, மதியமும் அதே இடம்தான். எங்கள் கல்யாணம் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பார் ரீஸ். என்னை முதல் வருஷம் கீழ்க்குரலில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் பாட்டு நடத்துகிறவர் என்னிடம் வந்து, "அம்மா, உங்க குரல் எல்லாப் பக்கத்துக்கும் பொது, மேடைக்கு வந்துடுங்க" என்றார். அன்றிலிருந்து பேர் கூப்பிடுவது என் வேலை.

கெத்தின் என்று பெயருள்ள ஊர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். அந்த ஊர்க்காரர் யாராவது எழுந்து நின்று, "விளக்கு எரியுது" என்று சொல்ல வேண்டும். ஏன் விளக்கு என்று கேட்காதீர்கள், இங்கே யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு ராத்திரியாவது தங்கியவர்தான் சொல்லலாம். பிறத்தியார் ஊருக்குப் பிறத்தியார் பதில் சொல்லக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் எழவில்லை என்றால், அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிடவே மாட்டோம். நான் வாசிக்காமல் விட்டாலும் அதே கதிதான். கெத்தின் ஃபெர்ரி என்ற ஊர் பதில் இல்லாமல்தான் போயிற்று. மூன்றாம் தடவை கூப்பிட்டதும், சவ அடக்கக் கடைக்காரர்கள் இனாமாகக் கொடுத்த அட்டை விசிறிகள் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வட டக்கோட்டாவில் இருக்கும் கெத்தின் ஸ்டேஷனுக்குப் பதில் சொல்கிறவர் ஹார்லன். ரீஸின் சித்தப்பா. அவர் அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். ஹார்லன் அரைக்கால் சட்டைப் பருவத்திலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார். பிறகு ரயிலை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வீட்டை இடித்தார்கள், கடைசியில் தானியக் கிடங்கையும். அங்கே விளக்கும் இல்லை, வைக்க ஆளும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் ஹார்லன் எழுந்து அந்தக் கனத்த கீழ்க்குரலில் "விளக்கு எரியுது" என்று இழுத்துச் சொல்லும்போது விசிறிகள் நின்றுவிடும். ஒருவரும் சிரித்ததில்லை. அந்தக் குரல் இனி இல்லை. மார்ச் மாதம் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

4

(இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் ஹார்லன் அழுதார். அவர் அழவில்லை. அடித்துவிட்டேன்.)

பத்து நாள் முன்பு கையில் ஒரு பை தக்காளியோடு வந்தார். செப்டம்பர் நெருங்கினால் இந்த ஊரில் யாரும் தக்காளி இல்லாமல் படியேற மாட்டார்கள், வாங்குகிறவர் வீட்டிலும் கூடை கூடையாகக் காய்த்துக் கிடக்கும். கழுத்தில் வைத்தால் பேசுகிற சின்ன மிஷினைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதை அவர் எடுப்பதே அபூர்வம். மின்சார ரேசருக்குப் பேச்சு வந்தது போல ஒரு சத்தம்.

"ஞாயித்துக்கிழமை எங்க ஊரை விட்டுடு, சுகந்தி."

"விட்டுடறதுன்னா?"

"மினசோட்டா முடிஞ்சதும் நேரா விஸ்கான்சின். நடுவுல நிக்காத."

"ஒரு வருஷம் விட்டா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்களே, ஹார்லன். உங்களுக்குத் தெரியாததா?"

"கூப்பிட்டா நான் எந்திரிக்கணும். எந்திரிச்சு வாயைத் தொறந்தா காத்துதான் வரும். அதை முந்நூறு பேர் பாக்கணுமா?"

"இதுலயே சொல்லுங்களேன். எனக்கு நல்லாத்தானே புரியுது?"

"இதுலயா? இதால நாயைத் திட்டறேன். செடியை மேய வர்ற மானைத் திட்டறேன். எங்கப்பா ஊரை இதால சொல்லச் சொல்றியா?"

"வீட்டுல வெர்னாகிட்டப் பேசினீங்களா?"

மிஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாசல்வரை போய்த் திரும்பி, புருவத்தை உயர்த்திக் காத்துக்கொண்டு நின்றார். நான் "சரி" என்றேன். வேறென்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

5

வெர்னா ஹார்லனின் மனைவி. இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. எழுதினால் இட்டுக்கட்டியது போலத் தெரியும். வயது எழுபதைத் தாண்டியாயிற்று, இரண்டு முழங்காலும் கோளாறு. உருளைக்கிழங்கு சாலடில் கடுகு போடலாமா என்று என்னோடு ஆயுள் முழுக்கச் சண்டை. இங்கே யாரும் யாரையும் சித்தி என்று கூப்பிடுவதில்லை, பெயர்தான். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே மரியாதை. தமிழில் எழுதும்போது அவள் என்னை நீ என்கிறாளா, நீங்க என்கிறாளா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அத்தனை சாலட் சண்டைக்குப் பிறகு நீ தவிர வேறு வழியில்லை.

ஸ்கிராண்டனில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் வந்தது.

"நான் எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்."

"அக்கா வீட்டுல."

"அக்காவாவது ஆட்டுக்குட்டியாவது. கெத்தின் ஸ்டேஷன்ல இருக்கேன்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"தனியாவா? வெர்னா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"இருந்தா அந்த மனுஷனைக் கட்டியிருப்பேனா? கேளு. இங்க ஒண்ணுமே இல்ல. புல்லு, புல்லு, புல்லு. அவங்க வீட்டுக்கு அடியில போட்ட சிமெண்டுத் தளம் மட்டும் இருக்கு. அதுமேல காரை நிறுத்தி ராத்திரி பூரா இருந்தேன்."

"தூங்கினீங்களா?"

"இந்தக் காத்துல எவ தூங்குவா? ஏன், தூங்கினாத்தான் கணக்கா?"

"தங்கினாப் போதும்."

"அப்பச் சரி. இருட்டுக்குப் பயந்துகிட்டு காருக்குள்ள லைட்டைப் போட்டே வெச்சிருந்தேன். காலைல பாத்தா பேட்டரி செத்துக்கிடக்கு. ஒரு பண்ணைக்காரன் வந்து பாத்துட்டு வயர் எடுத்துட்டு வரப் போயிருக்கான். ராத்திரி வெளிச்சத்தைப் பாத்துட்டு, ஸ்டேஷன்ல யாரோ குடி வந்துட்டாங்கன்னு பொண்டாட்டிகிட்டச் சொன்னானாம்."

நான் போனை மறுகாதுக்கு மாற்றினேன். அவளே பேசினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஊரைப் பத்திக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, சுகந்தி. ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வந்தான்.* கிடங்கை இடிச்சுட்டாங்கன்னு பெட்ரோல் பங்க்ல யாரோ சொன்னாங்க, அப்படியே காரைத் திருப்பிட்டான். இப்ப நானே வந்துட்டேன். நீ பேரை வாசி, நான் எந்திரிக்கறேன். அவர்கிட்ட மூச்சு விடாத. முன்னாடியே தெரிஞ்சா வேண்டாம்பார்."

*அவன், அவர் இரண்டும் ஒரே ஆள்தான். மூச்சுக்கு ஒன்றாக அவள் மனசு மாறியது, நானும் மாற்றி எழுதினேன்.

"சரி" என்றேன். அது இரண்டாவது சரி. ஹார்லனுக்கு நான் முதலில் சொன்ன சரியை அவளிடம் சொல்லவில்லை. புல்வெளியில் பேட்டரி செத்த காரில் உட்கார்ந்திருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

6

இதோடு நின்றிருந்தால் ஒரு மாதிரி முடித்திருப்பேன். ஆனால் இன்று சாயங்காலம் எதிர்வீட்டில் ஹார்லன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். வெர்னா மதியம்தான் வந்து சேர்ந்திருந்தாள். சக்கரத்துக்கு மேலே அப்பியிருந்த கறுப்பு மண்ணை அவர் விரலால் சுரண்டி எடுத்தார். உருட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஸ்கிராண்டன் போகிற வழியில் அப்படி மண் கிடையாது. பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நாய் வந்து தக்காளிப் பாத்தியில் இறங்கியது. அவர் திட்டவில்லை.

தெரிந்துவிட்டதா? என் ஜன்னல் வெளிச்சம் அவருக்கு நன்றாகத் தெரியும். வந்து "வாசி" என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை. "வாசிக்காதே" என்று மறுபடி சொல்லவும் வரவில்லை.

ஆகவே முடிவுகள்.

முடிவு அ: நான் வாசிக்கிறேன். ஹார்லன் எழுந்து நிற்கிறார். குரல் வரவில்லை. உடனே சபை மொத்தமும் எழுந்து, 'விளக்கு

இது சினிமா. எங்கள் ஆட்கள் செய்யவும் மாட்டார்கள். அடுத்தவன் ஊருக்குப் பதில் சொல்வதைவிடப் பாட்டில் சுருதி தவறுவதே மேல் என்று நினைக்கிறவர்கள்.

முடிவு ஆ: மினசோட்டாவுக்குப் பிறகு நேராக விஸ்கான்சின். ஹார்லன் மூச்சு விடுகிறார். இடது பக்கம், எழுந்திருக்க வாகாக முன்பெஞ்சைப் பிடித்த வெர்னாவின் கை அப்படியே நிற்கிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். இதற்கு மேல் எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. திங்கட்கிழமை அவள் முகத்தில் விழிக்க வேண்டியவளும் நான்தானே.

முடிவு இ: வாசிக்கிறேன். சத்தம் கேட்டதும் ஹார்லன் முதலில் பார்ப்பது என்னைத்தான். வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டாயே என்ற பார்வை. வெர்னா எழுந்திருப்பாள், ஆனால் அந்த முழங்கால்களோடு உடனே முடியாது. பெஞ்சைப் பிடித்து, மூச்சு வாங்கி, ஒரு காலை ஊன்றி, அப்புறம் மறுகாலை. அவ்வளவு நேரமும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் குரல் கேட்டதும் என்ன ஆகும்? தன் ஊருக்கு இன்னும் ஓர் ஆள் இருக்கிறாள் என்று மனம் குளிர்வாரா? தான் உயிரோடு இருக்கும்போதே தன் இடத்தில் வேறு குரல் வந்துவிட்டதே என்று நொறுங்குவாரா? இத்தனை வருஷம் பழகியும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

7

எனவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. நாளை நான் மேடையேறித்தான் ஆக வேண்டும், எனக்கு விடுதலை கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் மேடை உங்களுடையது. ஹார்லனுக்கும் வெர்னாவுக்கும் நீங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அது ஒரு பாக்கியம், வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் பிடியுங்கள். மினசோட்டாக்காரர் பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஹார்லன் வலது பக்கம் பின்வரிசையில் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெர்னா இடது பக்கம் முன்பெஞ்சைப் பிடித்துவிட்டாள். கீழே ஒரே ஒரு வரி இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் ஹார்லன் கேட்டது நடக்கும். வாய்விட்டு வாசித்தால் வெர்னா எழுந்துவிடுவாள். வாசிப்பதானால் ஒன்று மட்டும்: அவள் நிமிர்ந்து நிற்கும்வரை ஹார்லன் உங்களைத்தான் பார்ப்பார். நீங்கள் பார்வையைத் திருப்பக் கூடாது.

கெத்தின் ஸ்டேஷன், வட டக்கோட்டா.