இல்லாதவர்கள் ஒட்டிய செருப்பு

விடிவதற்குள் ஒரு மூட்டையாவது முடித்தாக வேண்டும். நெட்டையக்கா சுவரோரமாகக் காலை மடக்கி உட்கார்ந்து, செருப்பின் அடித்தட்டில் பசையைத் தடவி, ஊதி, வாரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவள் உயரத்துக்கு அந்த அறையில் நிமிர்ந்து உட்காரவும் தோதில்லை. விரல் நுனியில் ரேகை அழிந்து எவ்வளவோ காலமாயிற்று. பசை நெடி மூக்கில் ஏறி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. அதற்கும் பசை டப்பாவுக்கும் நடுவே ஒரு பழைய தகரத்தை நிறுத்தியிருந்தாள். பெரிய பாதுகாப்புதான், போங்கள்!

அடித்தட்டுகளைப் பிரித்தபோது கை தானாக இடப்பக்கம் ஒரு பங்கை ஒதுக்கியது. அது நாத்தனாருடைய பங்கு. அவள் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. கைக்குத்தான் அது தெரியவில்லை, காதுக்குமா தெரியாது? டப்பா விளிம்பில் தூரிகையை வழிக்கும் சத்தம் சரக், சரக் என்று கேட்டது, அவள் வழிக்கிற மாதிரியே. "வந்துட்டியாடி," என்று முணுமுணுத்தாள். பயமாக இல்லை. அழுகைதான் வந்தது.

இதே அறையில்தான் பசையில் தீப்பிடித்தது. அப்போது நெட்டையக்கா குழாயடியில் இருந்தாள். குடத்தோடு ஓடி வந்து அவள் பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு தெருப் பெண்கள் திரண்டு, செருப்பு மூட்டை கொடுக்கும் முதலாளியிடம் போனார்கள். பசை வேலைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள், செத்தவளுக்கு நஷ்டஈடாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள்.

"செத்தது பாவம்தான். ஆனா என்கிட்ட பொம்பளையே வேலை பாக்கலையே," என்றார் அவர் கூசாமல்.

தொழிலாளர் அலுவலகத்திலும் அதே பாட்டு. அரசாங்கக் கணக்கின்படி அந்தத் தெருவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்திகூடக் கிடையாதாம். இல்லாதவர்களுக்குக் கொட்டகை கட்ட எந்தத் திட்டத்தில் பணம் ஒதுக்குவது?

கணக்கெழுதியவர்கள் மேல் பழி போடவும் முடியவில்லை. முன்பு கணக்கெடுக்க வந்தவர்களிடம் நாத்தனாரே தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் வீட்ல சும்மாதாங்க இருக்கேன்," என்று சிரித்தாள். தெரு முழுக்க அதே பதில்தான். வீட்டில் செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

"செத்தவ மட்டுமா பேய்? கணக்குல பாத்தா நாம எல்லாருமே பேய்தான்டி," என்றாள் குழாயடியில் எதிர்வீட்டுக் குண்டக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடியும் கணக்கெடுக்க வரப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார்கள்.

முதலாளி காதுக்கு அது எட்டாமலா இருக்கும்? இன்று பொழுது விடிந்ததுமே வேனோடு வந்து நெட்டையக்கா வாசலில் நின்றார். "எவ வாயத் தொறக்கிறாளோ, அவளுக்கு நாளையிலேருந்து மூட்டை கிடையாது." புருஷன் லோடு வண்டி ஓட்டிக் கொண்டுவரும் கூலி வாடகைக்கே சரியாகிவிடும். மூட்டை நின்றால் சோறு நின்றுவிடும்.

அவர் அங்கேயே நிற்கும்போது கணக்கெடுக்கிற பெண் வந்தாள். தோளில் பை, வெயிலில் கறுத்த முகம். "வீட்ல யார் யார் வேலை பாக்கிறாங்க?"

"நான் ஒருத்தன்தாம்மா," என்றார் புருஷன், பழக்கத்தில்.

"நீங்க அக்கா?"

"நானா? நான் சும்மாதான்..."

அட பாவமே! எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வாய் பழைய தடத்திலேயே ஓடிவிட்டது. முதலாளி மீசைக்குள் சிரித்தார். அப்போது உள்ளே தூரிகை வழிக்கும் சத்தம் கேட்டது. சரக், சரக். உள்ளே யாரும் இல்லை. நெட்டையக்கா எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"இல்லம்மா, மாத்தி எழுது. நான் செருப்பு ஒட்டறேன். விடியறதுக்கு முன்னாடி உக்காந்தா பொழுது சாயற வரைக்கும். இதோ நிக்கிறாரே, இவருக்குத்தான். என் நாத்தனாரும் இதே வேலைதான் பாத்தா. இந்த வேலையிலதான் செத்தா."

"செத்தவங்கள எழுத இதுல இடமில்லையே அக்கா," என்றாள் அந்தப் பெண் மெல்ல.

"அப்ப என்னை எழுது. நான் இன்னும் சாகல."

புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். செத்தவள் அவருடைய தங்கை. "ரெண்டு பேரு வேலை பாக்கிறோம்மா. அப்படியே எழுதிக்க," என்றார்.

"அவ்வளவுதானே? உன் கதை முடிஞ்சுது," என்றார் முதலாளி. "ஒட்டின மூட்டைய எடுத்து வெளிய வை."

"எந்த மூட்டை?" என்றாள் நெட்டையக்கா.

"என் மூட்டை!"

"உங்ககிட்ட பொம்பளையே வேலை பாக்கலன்னீங்க. அப்ப உங்க மூட்டை எங்க வீட்டுக்குள்ள எப்படிங்க வந்துச்சு?"

நெட்டையக்கா மூட்டையை வாசற்படியில் உருட்டிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக் குண்டக்கா தன் மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்து, அதன் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "எங்க வீட்ல கெடக்கிறதும் யாருதுன்னே தெரியலைங்க. இத இன்னார் ஒட்டினாங்கன்னு எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க!"

பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை உருண்டு வந்தது. அதற்கடுத்த வீட்டிலும். பசை காய்ந்த கைகளோடு பெண்கள் வாசல்களில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பட்டினி கெடந்து சாவீங்கடி," என்று கத்திவிட்டு முதலாளி வேனில் ஏறினார். வேன் வெறுமனே போயிற்று. அவர் சொன்னது நடந்தாலும் நடக்கும். ஆனாலும் நெட்டையக்கா மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கணக்கெடுக்கிற பெண் அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே இருந்தவள் இதுவரை யாரிடமும் சத்தமாகப் பேசியறியாத புது மருமகள். கேள்வியைக் கேட்க விடாமல் அவளே முந்திக்கொண்டாள்.

"நானும் வேலை பாக்கிறேன். என் மாமியாரும் பாக்கிறாங்க. எழுதுங்க."