அடியில்லாத பானை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஊர்ப் பன்றி மலைக்கு எதிரே மண்ணைத் தோண்டினால், ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்குவியல் கல்லறைகளைச் சுற்றி வரிசையாக மண்பானைகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு அடி கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் மட்டும் எத்தனை நாள் சும்மா இருப்பது?

2

"பன்றி மலையின் முதுகில் சூரியன்..." வேண்டாம். மலை எங்கேயும் போய்விடாது. அவளிடம் வருகிறேன்.

பெயர் ஹுயா. (நான் வைத்தது. அவர்கள் பேசிய மொழி யாருக்குத் தெரியும்?) ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். போன குளிர்காலத்தில் கணவன் இறந்துபோனான். வருடத்துக்கு ஒருமுறை கூடுவதுபோல் இன்று எல்லா ஊர்களும் மலைக்கு எதிரே கூடியிருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் அவன் கல்லறையோரம் அவள் ஒரு பானை நட்டாக வேண்டும். அதன் வழியாகத்தான் அவன் மலைக்குப் போவான். (இந்த வழக்கமும் என் கற்பனைதான். வெட்கமில்லை.)

சிவப்பும் கறுப்புமாகத் தீட்டிய பானையை அவள் இறக்கி வைத்தாள். கணவனின் அண்ணன் மோரு உள்ளே எட்டிப் பார்த்தான். அடி இருந்தது. அக்கரையில் பானை என்றால் பொங்குவதற்குத்தான். பழகிய கை அடியை வைத்துவிட்டது.

"இதுல என்ன, தினைக் கஞ்சியா காய்ச்சப் போறே?" என்றான் மோரு. கூட்டம் சிரித்தது. பிறகு அவன் குரல் இறங்கியது. "அடியை மூடிட்டியேம்மா, என் தம்பி எப்படிப் போவான்?"

(மோருவைக் கெட்டவனாக்கத்தான் நினைத்திருந்தேன். தம்பி என்றதும் மனம் வரவில்லை.)

3

புதிதாகச் சுட நேரமில்லை. அடியை மட்டும் தட்டி எடுக்கலாம். விரிசல் மேலே ஓடினால் எல்லாம் போச்சு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மோரு தடுத்தான். ஹுயா பானையை மடியில் கவிழ்த்து ஆற்றுக் கல்லை எடுத்தாள்.

"அவரு காத்துக் கிடந்தது போதும், அத்தான்."

முடிவு ஒன்று: பானை பிளக்கிறது, அவள் அழுகிறாள், எனக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. எழுதினேன். அடித்துவிட்டேன். அவளை அழவைத்து வாங்கும் பெயர் யாருக்கு வேண்டும்?

முடிவு இரண்டு: அடியின் விளிம்பையொட்டிச் சின்னச் சின்னத் தட்டு. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அடி மூடிபோலக் கழன்று மடியில் விழுந்தது. ஹுயா பானையை இரு கையாலும் தூக்கிக் கண்ணில் வைத்தாள். மலை முழுதாக உள்ளே நின்றது. ஊர்கள் எல்லாம் ஓவென்று ஆர்ப்பரித்தன. எழுதும்போதே நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"கொடும்மா, நானும் பாக்கறேன்" என்றான் மோரு.

பார்த்தான். யாரைப் பார்த்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவன் கையிலிருந்து பானையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் இன்னும் இருக்கிறது, குழியும் தயார். நட வேண்டியது நீங்கள்தான்.