கார் கொட்டகைக் கதவு

பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சீவரத்தினத்தின் வீட்டில் டிரைவராக இருந்தான் பக்கிரிசாமி. காரை ஓட்டுவதோடு கார் கொட்டகையைப் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்புதான். கொட்டகைக்குக் கனத்த மரக்கதவு. மேலே இரும்புப் பட்டையில் ஓடும் இரண்டு சக்கரங்களில் தொங்கும். பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும்.

1934இல் தீபாவளிக்கு முந்தைய வாரம், சக்கரங்களுக்கு எண்ணெய் போட ஏணியில் ஏறியவன், இடது சக்கரத்தைக் கதவோடு பிடித்திருந்த போல்ட் துருவேறிப் பாதியாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தான். புதிது வாங்க இரும்புக் கடைக்குப் போக வேண்டும். கதவைக் கழற்ற இன்னொரு ஆளும் வேண்டும். அன்றைக்கென்று ஐயாவைக் கிள்ளானுக்கு அழைத்துப் போகும் வேலையும் இருந்தது. சக்கரத்தையும் கதவையும் சேர்த்துக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டு இறங்கினான். தீபாவளி கழியட்டும் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை, வீட்டு வேலைக்கு வரும் வீரம்மா கொட்டகைக்குள் அடுக்கியிருந்த விறகை எடுக்க அந்தக் கதவைத் தள்ளினாள். கம்பி அறுந்தது. சரிந்த கதவு அவள் வலது கையைச் சுவரோடு நசுக்கியது. அலறல் கேட்டு ஓடி வந்த பக்கிரிசாமியும் ஐயாவும் தோள் கொடுத்துக் கதவை நிமிர்த்தினார்கள். அவளைக் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வரும் வழியில், பின் சீட்டிலிருந்து சீவரத்தினம் கேட்டார்.

“கதவைப் பாத்தனியோ?”

“போன வாரந்தான் எண்ணெய் போட்டேன், ஐயா.”

“அப்ப அவள்தான் விசையாத் தள்ளியிருப்பாள்.”

பக்கிரிசாமி பேசாமல் காரை ஓட்டினான். சொன்னது பொய் இல்லைதான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அறுந்த கம்பியைப் பொறுக்கிச் சாக்கடையில் எறிந்தான். எறிந்த பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். வீரம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கண்ணே. ஐயா வீட்டுல கோவமா இருக்காங்களா? அவசரத்துல நான்தான் வேகமாத் தள்ளிட்டேன் போல.”

அவன் சும்மா இருந்தாலே போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். அப்படிச் சும்மா இருக்கத்தான் அவனால் முடியவில்லை.

“நீ ஒண்ணும் பண்ணல, வீரம்மா. போல்ட் போயிருந்துச்சு. எனக்குத் தெரியும். கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தேன்.”



“ரிப்பேர் பண்ண நேரமில்லன்னா போவுது. அந்தக் கதவத் தொடாதேன்னு ஒரு வார்த்த சொல்லவுமா நேரமில்ல? தெனம் என் கையால கோப்பி வாங்கிக் குடிச்சீங்களே, அப்ப சொல்லியிருக்கலாமே.”

அங்கிருந்து கிளம்பினான். நேராக வந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், கம்பியை எறிந்தது உட்பட.

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். “அவளில பிழை எண்டு நானும் நம்பிப்போட்டன். அவளுக்குப் பதிலா வேற ஆள் பாக்கச் சொல்லி வீட்டிலயும் சொல்லிப்போட்டன். அண்டைக்கே நீ சொல்லியிருக்க வேணும்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “கதவைச் சரிசெய்துபோட்டு வேற இடம் பார்,” என்றார்.

இரண்டு சக்கரங்களுக்கும் புதுப் போல்ட் போட்டான். சக்கரம் தடம் விட்டு ஓடாமல் பட்டையின் இரு முனையிலும் இரும்புத் துண்டு வைத்து முடுக்கினான். இருபது தடவையாவது தானே திறந்து மூடிப் பார்த்தான். பிறகு கிள்ளானில் லோரி ஓட்டப் போய்விட்டான். வீரம்மாவை அந்த வீட்டம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப அழைத்து வந்தாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, பிரிக்பீல்ட்ஸுக்குச் சரக்கு கொண்டு வந்தபோது, பாசார்ச் சந்தையில் அவளைக் கண்டான். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தான். அவள் கூப்பிட்டுவிட்டாள்.

“அண்ணே, இந்தக் கூடைய ஒரு கை தூக்கி விடுங்க.”

தூக்கிவிட்டான். மன்னிப்பைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. கூடையை இடுப்பில் இருத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.