மணல் மூட்டை மாப்பிள்ளை

நானும் என் நாத்தனாரும் பேச்சை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் ஒரு குழாய். விடிய விடியத் திறந்து கிடந்து மாடித் தொட்டியைக் காலி செய்த அந்தக் குழாயை மூடாமல் விட்டது அவள்தான். அவளைக் கேட்டால் நான்தான் என்பாள். என் வீட்டுக்காரர் பெண்டாட்டிக்கு ஒரு தலையாட்டல், தங்கைக்கு ஒரு தலையாட்டல் என்று ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், புண்ணியவான்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. வேலையும் ஒரே செடிப் பண்ணையில். வரிசை வரிசையாக இருக்கும் செடிச் சட்டிகளைப் பேட்டரி வண்டியில் ஏற்றி, வாசலில் நிற்கும் லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வண்டி என்றால் பின்னால் ஒரு பலகை, முன்னால் ஒரு சீட்டு, ஸ்டியரிங், முன்னே பின்னே மாற்ற ஒரு பிடி, கீழே ஒரு மிதி, அவ்வளவுதான். சீட்டில் ஆள் இருந்தால்தான் ஓடும். எழுந்தால் நின்றுவிடும். செய்தவன் ஏதோ யோசித்துத்தான் அப்படிச் செய்திருப்பான்.

எங்கள் சூப்பர்வைசர் அவனைவிடப் பெரிய மூளைக்காரர். ஓட்டுவதற்கென்று ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதா என்று, சீட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்து நைலான் கயிற்றால் கட்டினார். மிதியை ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டினார். வண்டி தானாகவே ஊர்ந்து போகும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டே சட்டிகளைத் தூக்கி வைப்போம். வரிசை முடிந்ததும் இடது பக்கம் தொங்கும் டியூப் நுனியை உருவினால் நின்றுவிடும். ஆபத்துக்கு அமுக்க ஒரு சிவப்புப் பட்டனும் உண்டு. மூட்டை சரிந்து அடிக்கடி அதை அமுக்கித் தொலைத்ததால், அதன்மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து டேப் சுற்றிவிட்டார்.

"பயமா இருக்கு சார், அதை எடுத்துடுங்க" என்றேன் ஒருநாள்.

"நடந்து போனா முந்திடலாம், அதுக்கு என்னம்மா பயம்?" என்று சிரித்தார்.

வந்த இடத்தில் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் உட்கார்ந்தே இருப்பதால் மூட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நாத்தனார். எங்களுக்குள் பேச்சு நின்ற பிறகு அவர்தான் தூது.

"மாப்பிள்ளை, அவங்க வச்ச சட்டி சாயுதுன்னு சொல்லுங்க."

"மாப்பிள்ளை, எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க."

அன்று காலையும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. அதன் குழாயிலிருந்து யாரோ ஓஸ் பைப்பைப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சக்கரம் ஏறினால் பைப் கிழியும், திட்டு எங்களுக்கு விழும். நாத்தனார் முன்னால் ஓடிப்போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பைப்பை இழுத்தாள். அது எங்கோ சிக்கிக்கொண்டு வர மறுத்தது. பின்னால் சாய்ந்த ஒரு சட்டியை நான் நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது. டீசல் வண்டியாக இருந்திருந்தால் என் நாத்தனார் திரும்பியாவது பார்த்திருப்பாள்.

"அண்ணி!"

ஒரு மாதத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் அண்ணி அதுதான். வண்டியின் முகப்பு அவள் கால்களைத் தொட்டிச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பார்க்க நின்றுவிட்ட வண்டி மாதிரிதான் இருந்தது. ஆனால் பின்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தது.

வண்டியின் வலது பக்கம் சட்டி அடுக்கும் இரும்பு அலமாரியில் செருகிக்கொண்டிருந்தது. இடது பக்கம் தொட்டிச் சுவரின் மடிப்பு, டியூப் நுனிக்குக் கை எட்டாது. முன்னால் போக வழியே இல்லை. பின்னாலிருந்து பலகைமேல் ஏறினேன். சட்டிகள் காலடியில் நொறுங்கின. மூட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கட்டியவன் நாசமாய்ப் போக. டப்பாவின் டேப்பை நகத்தால் கீறினேன், பல்லால் கடித்தேன்.

"அண்ணி, அந்தக் குழாய நான்தான் மூடல... நான்தான் அண்ணி..."

"வாயை மூடுடி! சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்!"

டப்பா பிய்ந்து வந்தது. பட்டனை உள்ளங்கையால் அறைந்தேன். சக்கரம் நின்றது.

ஆனால் வண்டி பின்வாங்கவில்லை. மின்சாரம் நின்றால் பிரேக் தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும் வண்டி அது. சத்தம் கேட்டு ஓடிவந்த லாரிக்காரர்கள் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். பாறையை இழுத்த மாதிரி இருந்தது. நாத்தனாரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்தார். "பட்டனைத் திருகி எடும்மா! எடுத்தாத்தான் கரண்ட் வரும், ரிவர்ஸ் போகும்! சீக்கிரம் எடு!"

கை பட்டன்மேல் போய்விட்டது. அப்போதுதான் கீழே பார்த்தேன். டியூப் இன்னும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்த நொடியே வண்டி மறுபடியும் அவளைத்தான் தள்ளும்.

"எடுக்க மாட்டேன்!"

"சொல்றதைக் கேளு! என்னைவிட உனக்குத் தெரியுமா?"

"கட்டிவச்ச கையை முதல்ல வெட்டணும் சார்! கத்தி குடுங்க யாராவது!"

லாரிக்காரர் ஒருவர் கத்தியை வீசினார். தலைகீழாகத் தொங்கியபடி டியூபை அறுத்தேன். மிதி மேலே வந்ததைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். திசை மாற்றும் பிடியைப் பின்பக்கம் தள்ளினேன். மூட்டையை அவிழ்க்க நேரமில்லை. மாப்பிள்ளை மடியிலேயே ஏறி உட்கார்ந்தேன். பட்டனைத் திருகினேன். அந்த வண்டியை நான் அதுவரை ஓட்டியதே இல்லை. அழுத்தினால் எந்தப் பக்கம் போகுமோ. 'தாயே, பின்னால போ' என்று வாய்விட்டே கெஞ்சிக்கொண்டு மிதியை மெல்லத் தொட்டேன்.

பின்னால் போனது. நாத்தனார் சுவரோடு சரிந்து விழுந்தாள். லாரிக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். வலது கால் இருந்த நிலையைச் சொல்ல என்னால் முடியாது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சூப்பர்வைசர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஆள்.

"அதைத் தொடாதீங்க. விசாரிக்க வர்றவங்க அதையும் பார்க்கட்டும்" என்று லாரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டார். போட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் அவளிடம் சொல்ல அவரால் முடியவில்லை. இந்த முறை நான் அவரைக் குறை சொல்லவில்லை.

அவள் கண் திறந்தபோது கட்டில் பக்கத்தில் நான்தான் இருந்தேன். என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. பிறகு முகத்தைத் திருப்பி, தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை," என்றாள், குரலே இல்லாமல். "என் கால் ரெண்டும் இருக்கான்னு அவங்கள கேட்டுச் சொல்லுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னை நேராகக் கேட்கப் பயந்தாள். கம்பியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒண்ணு இருக்குடி," என்றேன்.

அவள் அழவில்லை. அவள் கை மட்டும் போர்வைக்குள் மெல்லக் கீழே தேடிக்கொண்டு போனது. முழங்காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் அதை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.