பாதி வண்டி

சுலைமான் அண்ணன் போன் செய்தபோது நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹோஸை வாழை மரத்து மூட்டில் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்தேன். தண்ணீர் தகரத்தில் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அப்போதே தோன்றியிருக்கிறது. அதற்குள் பொய் தயாராகிவிட்டது போல.

"மக்கா, ஹஸீபாவ நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணுகாவ. திருவனந்தபுரம் போய்க் கூட்டிட்டு வரணும். ஒனக்க வாரம்னு தெரியும். ஆனா, தையல் போட்ட உடம்பு பாத்தியா."

ஹஸீபா அவர் மகள்; ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவளுக்கு அவர் மனைவி ஜமீலாதான் ஆஸ்பத்திரியில் துணை. அந்த ஏழு சீட்டு வண்டி எங்கள் இருவருக்கும் பொது. தக்கலையில் செருப்புக்கடை வைத்திருக்கும் அவருக்கும் சரி, பள்ளிக்கூட ஆபீசில் பேனா பிடிக்கும் எனக்கும் சரி, தனியாக ஒன்று வாங்க வக்கில்லை. தவணை, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் பாதிப் பாதி. ஒரு வாரம் அவர் வீட்டில் நிற்கும், மறுவாரம் என் வீட்டில். அவசரமென்றால் யார் வாரமாக இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. அந்தப் பேச்சை முதலில் எடுத்ததே நான்தான்.

"வண்டி ஒர்க்ஷாப்புல கெடக்கு அண்ணே" என்றேன்.

"அல்லா. பெரிய வேலையா?"

"கொஞ்சம் பெரிய வேலைதான்."

"செரி மக்கா. நான் வேற வழி பாத்துக்கிடுதேன்."

மறுநாள் குலசேகரத்தில் என் மனைவி ஸ்மைலினின் அக்காவின் புது வீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம் வைத்துக் குடிபோகிற நாள். அக்கா மாப்பிள்ளைக்கு ரப்பர் தோட்டம், இரண்டு கார். பத்து வருடமாக அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு பஸ்ஸில் போய் இறங்கி, ஒவ்வொரு தடவையும் "திரும்பிப் போக வண்டி வேணுமா?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். இந்த ஒரு நாள் மட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் போனில் பேசியதை ஸ்மைலின் கேட்டிருந்தாள். மறுநாள் உடுக்க வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்ததும் அக்கா மாப்பிள்ளை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சொந்த வண்டியா?"

"பின்ன?" என்றேன்.

அவர் என் தோளில் கைபோட்டார். முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்மைலின் பாயசக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு சாயங்காலம், தன் வாரம் தொடங்குவதால், சுலைமான் அண்ணன் வண்டியை எடுக்க வந்தார். நான் முந்திக்கொண்டு ஹஸீபா வந்தாச்சா என்று கேட்டேன்.

"வந்தாச்சு. பஸ்ஸுலதான். பிள்ளைய ஜமீலா மடியில வச்சிருந்தா. ஹஸீபாவுக்கு உக்காந்தா குலுங்கி வலிக்குதுன்னு களியக்காவிளை வரைக்கும் கம்பியப் பிடிச்சிட்டு நின்னுட்டா. அங்க எறங்கி அடுத்த பஸ்."

"டாக்சி பிடிச்சிருக்கலாமே அண்ணே." என் குரலில் கோபம்கூட இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"பிடிச்சிருக்கலாம். பெரிய வேலைன்னு சொன்னியே மக்கா. எனக்க பங்கு தரணும்லா." சட்டைப் பையிலிருந்து மடித்த கவரை எடுத்து என் கையில் வைத்தார். "நாலாயிரம் இருக்கு. பத்தலன்னா சொல்லு, கூச்சப்படாத."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். டீ கொண்டுவந்த ஸ்மைலின் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டீயை வராந்தாத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கவரைப் பைக்குள் வைத்தேன்.

"என்னதான் கம்ப்ளெயின்ட் மக்கா?"

"கிளட்ச்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. வெறுங்காலால் கிளட்சை ஒரு தடவை மிதித்தார், விட்டார். தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பவர் மாதிரி மறுபடியும் மிதித்தார்.

"நல்லாப் பாத்திருக்கான் மக்கா" என்றார். "இப்பம் எவ்வளவு லேசா இருக்கு, பாரு."

நான் ஜன்னலருகே குனிந்து பார்த்தேன். இங்கே வர பஸ்ஸில் இறங்கி நடந்த செம்மண் பாதத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை மிதித்தார்.