முதுகு மட்டும் தெரிந்த படம்

அந்த வெள்ளிக்கிழமை இலக்கியா தன் பிள்ளையை அருணாவிடம் நீட்டவில்லை.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில், பிராங்க்ளினின் கமிஷன் கடையில் அருணாவுக்குப் பன்னிரண்டு வருட வேலை. விடிந்ததும் வந்து இறங்கும் மல்லிகையையும் காக்கரட்டானையும் தரம் பிரித்து, ஈரச்சாக்கில் கட்டி, பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் வண்டி ஏற்ற வேண்டும். வெள்ளிதோறும் பூ வாங்க வரும் இலக்கியா, இடுப்பிலிருக்கும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கி அருணா கையில் கொடுப்பாள். அருணா ஒரு ரூபாய் நாணயத்தைக் குழந்தையின் தலையைச் சுற்றி, தன் நெற்றியில் ஒற்றித் தாயிடம் தருவாள். அது வீட்டு அரிசி டின்னுக்குள் போகும். திருநங்கை கையால் வாங்கிய காசு வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று அங்கே நம்புகிறார்கள்.

அன்றும் அருணா நாணயத்தை எடுத்து வைத்திருந்தாள். இலக்கியா பிள்ளையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தூக்கத்துல எந்திரிச்ச பிள்ளக்கா. அழுவும்."

பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்று நாளாகவே இப்படித்தான். அவள் போய் நின்றால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது. பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் அவளைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறார்கள். முந்தின நாள் இரண்டு பேர் கடைக்கு எதிரே பைக்கை நிறுத்தி, கையிலிருந்த போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூ வாங்கவில்லை.

எல்லாம் பதினேழு விநாடி வீடியோ ஒன்றால் வந்தது. அதை முதலில் அனுப்பியவளே அருணாதான்.

பத்து மாதத்துக்கு முன் ஓர் இந்திப் படக்குழு நார்த்தாமலையில் வந்து தங்கியது. கதாநாயகனுக்குத் திருநங்கை வேடம். சித்திரை வெயிலில் பாறை கொதித்தது. வெறுங்காலோடு அவரால் பத்தடி நடக்க முடியவில்லை. அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டும், பின்னாலிருந்து எடுத்தால் போதும் என்று விசாரித்து அருணாவைப் பிடித்தார்கள். தாராவியில் வளர்ந்த உதவி இயக்குநர் ஒருவனுக்குத் தமிழ் தெரியும்.

"மொதல்ல கை தட்டுங்கக்கா. சத்தமா."

"எதுக்குத் தம்பி?"

"ஒங்காளுங்க தட்டுவாங்கல்ல?"

"நான் பூக்கடைல வேல பாக்குறேன். கை தட்டிக்கிட்டு நின்னா பூவ யாரு கட்டுறது?"

அவன் அதை இந்தியில் சொன்னதும் இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கை தட்டச் சொன்னார். தட்டினாள்.

பிறகு சிவப்புச் சேலை கட்டிவிட்டு, திருச்சியிலிருந்து கூட்டி வந்திருந்த குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். பாறை உச்சியிலிருந்து கீழே நடக்க வேண்டும்.

"கதைல இது யாரு பிள்ள?"

"ஒங்க பிள்ளதான்னு வச்சுக்கங்கக்கா. சோஷியல் மெசேஜ் படம். ஒங்களுக்காகத்தான் எடுக்குறோம்."

தன் பிள்ளை என்று வைத்துக்கொண்டே அருணா நடந்தாள். பாதி வழியில் வெயில் குழந்தையின் முகத்தில் அடித்தது. யாரும் சொல்லாமலே முந்தானையை இழுத்து அதன் தலையை மூடி, தோளோடு அணைத்துக்கொண்டாள். மைக்கில் இயக்குநர் "சூப்பர்! சூப்பர்!" என்று கத்தினார். அந்த முந்தானைக்காகவே இன்னும் மூன்று முறை நடக்க வைத்தார்கள்.

பத்து மாதமாக மார்க்கெட்டில் அதே பேச்சு. டிரெய்லர் வந்த அன்று, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பூ மார்க்கெட் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலோடு சேர்த்துப் போட்டாள்.

"நார்த்தாமலைல பிள்ளையத் தூக்கிட்டுப் போறது நாந்தான். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

இருபது பேர் இதயம் போட்டார்கள். பூக்கட்டும் பிச்சையம்மாள் எதிரே வந்து நின்று கும்பிட்டாள். "கதாநாயகி வர்றாங்க, ஒதுங்கி நில்லுங்கடி!"

முழுப் படமும் தமிழ் பேசி போனுக்கு வந்தபோது, மத்தியானம் கடையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். கதாநாயகன் புடவையில் வந்து கை தட்டினார், மிரட்டினார், சிறு வயதில் தனக்கு நடந்ததை நினைத்து அழுதார், பிள்ளைகளைத் திருடி விற்றார். நார்த்தாமலைப் பாறை வந்தது. பின்னால் உடுக்கைச் சத்தம். சிவப்புச் சேலை குழந்தையோடு இறங்கியது. அருணா வெயிலுக்காக இழுத்த முந்தானை, படத்தில் திருடிய பிள்ளையை ஊர்க்கண்ணிலிருந்து மறைத்தது.

படம் முடிகிற நேரத்தில் அந்தத் திருநங்கை மனம் மாறி, பிள்ளைகளைக் காப்பாற்றித் தீயில் செத்துப்போனாள். ஒரு கலெக்டர் நீளமாகப் பேசினார். அவர்களும் மனிதர்களே என்று திரையில் எழுத்து வந்தது.

"கடைசில செத்துர்றால்ல" என்றாள் பிச்சையம்மாள். "அப்ப நல்லவதான்."

"நல்லவன்னு பேரு வாங்குறதுக்குச் சாவணுமாக்கா?" என்று கேட்டாள் அருணா.

"ஒன் மூஞ்சி எங்கயும் வரல, விடு" என்றார் பிராங்க்ளின்.

அடுத்த வாரம் அந்தப் பதினேழு விநாடி ஆலங்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் என்று சுற்றிவிட்டு வேறு குழுக்கள் வழியாகத் திரும்பி வந்தது. படத்தின் பெயர் இல்லை, உடுக்கை இல்லை. அருணாவின் குரல் மட்டும் இருந்தது. கீழே, 'புதுக்கோட்டை மாவட்டத் தாய்மார்களே, உஷார்.'

ஸ்டேஷனில் மனு கொடுத்தாயிற்று. வீடியோ பொய் என்று அறிவிப்புப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை இலக்கியா போன பிறகு பிராங்க்ளின் கடைக்கு உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்க அருணா."

"லீவு எடுத்தா ஓடிட்டான்னுல்ல சொல்லுவாங்க. படத்தப் போட்டுக் காட்டுங்கண்ணே."

"நேத்து ரெண்டு பேருக்குக் காட்டுனேன். 'பாத்தீங்களா, இவங்க இப்படித்தான் செய்வாங்கன்னு படமே எடுத்துட்டாய்ங்க'ங்கிறாய்ங்க."

அருணா உதவி இயக்குநருக்குப் போன் போட்டாள். நான்காவது தடவை எடுத்தான்.

"தம்பி, அன்னைக்கு நீங்க போன்ல எடுத்தீங்கள்ல, கேமரா, குடை, அந்தப் பிள்ளயோட அம்மா எல்லாம் தெரியிற மாதிரி? அத மட்டும் அனுப்புங்க. என் மூஞ்சியும் அதுல இருக்கு."

"கம்பெனில கேக்கணும்கா. லீகல்ல விடமாட்டாங்க. படம் அவார்டுக்குப் போகுது தெரியுமா? ஒரு வாரம் டைம் குடுங்க."

"ஒரு வாரம் தாங்காது தம்பி."

"கேட்டுட்டுச் சொல்றேன்கா" என்று வைத்துவிட்டான்.

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. "வண்டில கொண்டுபோய் விடவா?" என்று கேட்ட பிராங்க்ளினின் வாசலில் அப்போதுதான் சம்பங்கி லோடு வந்து நின்றது. "பட்டப்பகல்ல என்னண்ணே" என்று சொல்லிவிட்டு அருணா நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. நான்கைந்து பேரோடு இலக்கியாவும் நின்றிருந்தாள், அம்மா வீட்டுக்குப் போகிற பையோடு. பிள்ளையின் தலையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அருணா இரண்டடி தள்ளி நின்றாள்.

இரண்டு பைக்குகள் வந்தன. நான்கு பேர், வெளியூர் முகங்கள். ஒரு வண்டி அருணாவுக்கும் ரோட்டுக்கும் நடுவே குறுக்காக நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்காமலே போனை அழுத்தினான். நார்த்தாமலைல பிள்ளையத் தூக்கிட்டுப் போறது நாந்தான்.

"யாரு கொரலு இது?"

"என் கொரல்தான் தம்பி. சினிமா ஷூட்டிங்கு."

"சினிமான்னா ஒன் மூஞ்சி எங்க? முதுகுதான இருக்கு?"

"முதுகுக்குத்தான் கூப்ட்டாங்க."

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. போன் வைத்திருந்தவன் இலக்கியா பக்கம் திரும்பினான்.

"ஏங்க, இது ஒங்க ஊரு ஆளா? ஒங்களுக்குத் தெரியுமா?"

இலக்கியா வீட்டு அரிசி டின்னில் அருணா கொடுத்த நாணயங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

"பூ மார்க்கெட்ல பாத்துருக்கேன்" என்றாள்.

அதற்குள் பிள்ளை அருணாவைப் பார்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தது. வெயிலில் அதன் நெற்றி சிவந்திருந்தது. அருணாவின் கை தானாக முந்தானைக்குப் போனது. பைக்கில் இருந்தவன் போனை உயர்த்திப் பிடித்தான். அருணா கையை எடுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். போன் அவள் முகத்துக்கு நேரே நின்றது.

அறந்தாங்கி பஸ் வந்தது. அருணா ஓரடி எடுத்து வைத்தாள்.

"நீ இரு" என்றான் அவன்.

நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள். இலக்கியா கடைசியாக நடந்தாள். பிள்ளை அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அழத் தொடங்கியது. அவள் முந்தானையை இழுத்து அதன் தலையை மூடி, தோளோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் படியேறினாள். பின்னாலிருந்து பார்க்கப் படத்தில் வந்தது போலவே இருந்தது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

பஸ் போன பிறகு ரோட்டில் சத்தம் இல்லை. நான்கு பேரில் ஒருவன் வண்டியை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.