கோட்டுக்கு மேலே ஓர் ஆள்

லீராய் பெசெக் அட்டையும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றபோது, ஹார்லன் யேடனுக்குத் தன் வீட்டுக் கூரையில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்தான் முதலில் ஞாபகம் வந்தது. ஒழுகுகிற இடத்தில் கட்டியது, தெருவிலிருந்தே தெரியும். கையுறைத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் லீராய் இவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை பார்த்தவன். பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரைநாள் சம்பளத்தை வெட்டியிருக்கிறார். தொழிற்சாலை மூடிய பிறகு தொள்ளாயிரம் பேர் இருந்த ஊர் முந்நூற்றுச் சொச்சமாகிவிட்டது. இப்போது லீராய் ஊர்மன்ற உறுப்பினர்.

"ஒரே கேள்விதான். உங்க வருஷ வருமானம் அட்டையில போட்டிருக்கிற இந்த வருமானக் கோட்டுக்கு மேலயா, கீழயா? நூத்துக்கு அம்பத்தொரு பேராவது கீழ இருந்தாத்தான் புதுக் கிணறுக்கு அரசாங்கம் பணம் தரும்."

கீழேதான். கோட்டை அவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"மேல," என்றார்.

லீராய் எழுதவில்லை. தார்ப்பாயை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. பேரு எங்கயும் வராது. நானே கீழதான்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் காரியத்தைக் கெடுத்தது.

"உன் கதைய நான் கேட்டேனா? மேலன்னா மேல. எழுது."

"சரி ஃபோர்மேன்," என்று எழுதிக்கொண்டு போனான்.

மே மாதம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு முடிவை வாசித்தார்கள். கோட்டுக்குக் கீழே ஒரே ஓர் ஆள் குறைந்து, கிணற்றுப் பணம் இல்லாமல் போயிற்று. "யாருப்பா அந்தக் கோடீஸ்வரன்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடி கணக்கெடுத்திருப்பார்களோ என்னவோ. லீராய் தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு கேலின் காலி செய்தாள். சோள வயலின் உரம், ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் வரும் பழைய கிணற்றில் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி அலுத்துப்போனாள். தொட்டிலின் ஒரு பக்கத்தை ஹார்லன் பிடித்தார், மறுபக்கத்தை அவள். வண்டியில் ஏற்றிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"கேலின், அந்தக் கணக்கெடுப்புல..."

"விடுங்க ஹார்லன். எவனோ வெட்டி ஜம்பக்காரன். என் வாயால அவனத் திட்டிட்டு ஊர விட்டுப் போக வேணாம்." அவள் படியிலிருந்த ஆறு தண்ணீர்க் கேன்களைக் காட்டினாள். "வண்டியில எடமில்ல, நீங்க வச்சுக்கங்க. வாங்க முடியாம கொழாத் தண்ணியத்தான் குடிக்கிறீங்கன்னு தெரியும். வாய்விட்டுக் கேக்க மாட்டீங்க. நம்மளுக்குள்ள என்ன வெக்கம்? நீங்களும் நானும் கோட்டுக்கு ஒரே பக்கந்தான."

வண்டி தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பும் வரை குழந்தையின் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டே போனாள்.

ஹார்லன் கேன்களைத் தன் வாசல்வரை தூக்கி வந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுபோய் ஆளில்லாத அந்த வீட்டுப் படியில் வரிசையாக வைத்தார். உள்ளே வந்து குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்தார். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.